கர்னலின் இடது பக்கம்

எங்கள் தூதர் லயனல் ஃபாஷாம் முப்பது வருடம் பிரிட்டனுக்காக உழைத்தவர். எந்த விருந்தில் யாருக்குப் பக்கத்தில் யார் உட்கார வேண்டும் என்று அவரைவிடக் கறாராகத் தெரிந்தவர் தென்கிழக்கு ஆசியத் தலைநகரான வியந்தியானில் கிடையாது. அந்த நாடு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான் அவருக்குத் தெரியாது.

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் அவருக்குக் கீழே மூன்றாம் செயலாளர். பாலம் கட்ட இடம் பார்க்கப் போன ஹியூ டன்ஸ்ஃபோல்ட் என்ற எங்கள் நாட்டு இளம் பொறியாளனை, உளவாளி என்று அந்நாட்டு ராணுவத்தின் கர்னல் புன்தாவியின் ஆட்கள் பிடித்து வைத்திருந்தார்கள். அவன் மனைவி மாய்ரா தினமும் தூதரகத்துக்கு வந்து உட்காருவாள். அவளுக்குத் தேநீர் கொடுக்கச் சொல்லிவிட்டு தூதர் பின்வாசல் வழியாகப் போய்விடுவார்.

கடைசியில் கர்னலே எங்களை விருந்துக்கு அழைத்தார். சாப்பிட்டபடியே பேசலாம் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்.

போனால், கர்னலுக்கு வலது பக்கம், முதல் மரியாதைக்குரிய இடத்தில், ஓர் இத்தாலியர். அவர் தூதர்கூட இல்லை. தங்கள் தூதர் ஊருக்குப் போயிருந்ததால் பொறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர். இடது பக்க நாற்காலிக்கு முன்னால் தன் பெயர் அட்டையைக் கண்டதும் ஃபாஷாமின் கழுத்து சிவந்தது.

"கார்விக், இது என்ன கூத்து?" என்றார் என்னிடம்.

"சார், கர்னலுக்கு வலது காது கேக்காது. குண்டு வெடிச்சதுல போயிடுச்சு. உங்ககிட்ட பேசணும்னுதான் இந்தப் பக்கம் போட்டிருக்கார்."

"காது அவரோட சொந்த விஷயம். வலது பக்கம் பிரிட்டனோடது."

"சார், அந்த டன்ஸ்ஃபோல்ட்..."

"டன்ஸ்ஃபோல்டா என்னை இங்க அனுப்பினான்? ராணி அனுப்பினாங்க."

உட்கார்ந்தவர் தன் தட்டைக் கவிழ்த்து வைத்தார். இடம் குறைத்துக் கொடுக்கப்பட்ட தூதர் அப்படிச் செய்ய வேண்டும் என்று எங்கள் தூதர்கள் மத்தியில் ஒரு வழக்கம். கர்னலுக்கு அது எங்கே தெரியும்? வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று கஞ்சி கொண்டுவரச் சொன்னார். பிறகு குனிந்து, "உங்க இன்ஜினீயர் விஷயம்..." என்று ஆரம்பித்தார். ஃபாஷாம் எதிர்ச்சுவரைப் பார்த்தார். கர்னல் மறுபடியும் ஆரம்பித்தார். மறுபடியும் சுவர்தான். அதன்பின் கர்னல் வலது பக்கம் திரும்பி, காதில் விழாத இத்தாலியப் பேச்சுக்குத் தலையாட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை மாய்ரா பின்வாசலிலேயே நின்று தூதரைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சொன்னார் கர்னல்?"

"நாம கொஞ்சமும் விட்டுக்கொடுக்கல, மேடம். இன்னிக்கே கண்டனம் எழுதப் போறோம்."

"ஹியூவ விடலங்கறதுக்கா?"

"இல்லை, நாற்காலி விஷயமா."

மாய்ரா கைப்பையைத் தோளில் மாட்டினாள். "நாற்காலிய நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க" என்றாள்.

ஒரு சைக்கிள் ரிக்‌ஷா பிடித்து நேரே கர்னல் வீட்டுக்குப் போனாள். கர்னலின் மனைவியோடு சமையலறையில் உட்கார்ந்து ஒட்டரிசிச் சோற்றைக் கையில் உருட்டித் தின்றாள், அழுதாள். மறுநாளும் போனாள். அந்த வாரமே ஹியூ வெளியே வந்தான், எலும்பும் தாடியுமாக, மணிக்கட்டில் அந்த வீட்டுக்காரர்கள் நலம் வேண்டிக் கட்டிவிட்ட வெள்ளை நூலோடு.

ஊர் திரும்பும் முன் இருவரும் தூதரகத்துக்கு வந்தார்கள். ஃபாஷாம் அவன் கையைக் குலுக்கினார். பிறகு மாய்ராவை ஓரமாக அழைத்துக் கவலையோடு கேட்டார்:

"கர்னல் வீட்டுல உங்களுக்கு எந்தப் பக்கம் இடம் கொடுத்தாங்க?"

"தரையில."

அவர் முகம் தெளிந்தது.

"தரையிலயா? அப்ப அது விருந்துல சேராது, நாம விட்டுக்கொடுத்ததாவும் ஆகாது. கார்விக், நம்ம கண்டனத்தை அப்படியே அனுப்பிடுங்க."