பச்சையாக மாறிய தாள்

என் தங்கை ஒரு கிரீம் கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். வெடித்துக் கிடக்கும் என் குதிகாலுக்கு சாலிசிலிக் அமிலமும் யூரியாவும் சேர்த்து அவளே லோஷன் கலந்து தருவாள். "உன் கால்ல தீக்குச்சி உரசலாம்க்கா" என்று கேலி செய்துகொண்டே பி.எச். தாளை அதில் முக்குவாள். தாள் ஆரஞ்சாக நிற்க வேண்டும்; பச்சையானால் அமிலம் செத்துவிட்டது என்று அர்த்தம்.

"நாளாக நாளாக யூரியா பி.எச்.சை ஏத்திவிட்டுடும். பிடிச்சு நிறுத்த பஃபர் போடலைன்னா அமிலம் உப்பாயிடும். தோலுக்குள்ள போகாம மேல உக்காந்து வேடிக்கை பார்க்கும்."

அவளுக்கு மூளையில் கட்டி, ஞாபகம் போகும் என்று டாக்டர் சொன்னபோது, "கை மறக்குமாக்கா?" என்று சிரித்தபடி ஒரு பாட்டில் கலந்து நீட்டினாள். அதைப் பார்த்துத்தான் வீட்டில் எல்லோரும் தைரியமாக இருந்தோம். அடுத்த மாதமே போய்விட்டாள்.

அந்தப் பாட்டிலை வெகுநாள் கழித்துத் திறந்தேன். எவ்வளவு தடவியும் குதிகால் இளகவில்லை. மூடியைத் திறந்தாலே மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி. அவள் பெட்டியிலிருந்த தாளை எடுத்து முக்கினேன். பச்சையாக மாறியது. பஃபர் போட மறந்திருக்கிறாள்.

அன்று சிரித்தபடி நீட்டியவள் அப்போதே பாதி போயிருந்திருக்கிறாள்.

சிட்ரிக் அமிலம் அலமாரியில்தான் இருக்கிறது. கொஞ்சம் சேர்த்தால் லோஷன் சரியாகிவிடும். எனக்குக் கை வரவில்லை.