ஒன்பதாவது விரிசல்

எங்கள் கட்டடத்து விரிசல்களைப் பற்றி நான் கூட்டிச் சொல்வதாகச் சிலர் நினைக்கிறார்கள். இரண்டாம் மாடிக்காரர் சுவர் விரிசல் வழியாகத்தான் பக்கத்து வீட்டு டிவியில் செய்தி பார்ப்பார். அவர்கள் சேனலை மாற்றினால் சண்டைக்கும் போவார். இதில் ஒரு சொல்கூட என் சொந்தச் சரக்கு இல்லை.

கட்டட ஆய்வாளர் வந்தார். சுவரைத் தொடாமலே பேசினார்.

"முப்பது நாள் விடாம அளந்து பதிவு குடுங்க. விரிசல் அசையலைன்னா ரிப்பேர் பண்ணிக்கிட்டு இருங்க. அசைஞ்சா இடிக்கிறதுதான். ஆபீஸ் குடுத்த கடைசித் தேதி தாண்டிட்டா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

நாற்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த பாவத்துக்கு வேலை என் தலையில் விழுந்தது. இரண்டாம் மாடிக்காரரின் மகள் கல்லூரியிலிருந்து ஓர் அளவுப் பெட்டியை இரவல் வாங்கி வந்தாள். சோப்பு டப்பா அளவுதான். ஒரு பக்கம் லேப்டாப்புக்குப் போகும் யு.எஸ்.பி. வயர், மறுபக்கம் வரிசையாக ஸ்க்ரூ முனைகள். விரிசல்களின் குறுக்கே ஒட்டிய சென்சார்களின் வயர்களை அங்கே முடுக்க வேண்டும். அத்தனைக்கும் கரண்ட் கொடுப்பது ஐந்து வோல்ட் என்று எழுதிய ஒரே முனை. அதிலிருந்து இருநூறு மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்காதே என்றது கையேடு. ஒரு சென்சார் இழுப்பது இருபத்து நாலு. எட்டு வைத்தேன்; நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

இருபத்து நாலு நாள் திரையில் எட்டுக் கோடுகளும் நேராக ஓடின. அன்று மாலை கீழ்வீட்டிலிருந்து அக்கா ஏறி வந்தாள். அத்தான் போன பிறகு அவளுக்கென்று இருப்பது அந்த இரண்டு அறைகள்தான்.

"ஏண்டா, எல்லார் வீட்டு விரிசலையும் அளக்குற. என் சமையலறை விரிசல் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

"அது தலைமுடி அளவுதான்க்கா."

"நாளைக்கு வந்து, இதை அளக்கலையேன்னு என் வீட்டை மட்டும் இடிச்சுட்டுப் போனா?"

கீழ்வீட்டை மட்டும் இடித்துவிட்டு மேல்வீடுகளை எதில் மாட்டித் தொங்கவிடுவார்கள் என்று நான் கேட்கவில்லை. அக்காவிடம் வாதாடி ஜெயித்தவர் எங்கள் வம்சத்தில் யாரும் இல்லை.

"பெட்டி தாங்காதுக்கா."

"மேல்வீட்டுக்காரங்களுக்கு எல்லாம் தாங்குது. கூடப்பிறந்தவளுக்குத் தாங்காதாக்கும்."

லிஃப்டில் ஆறு பேர் என்று எழுதியிருக்கும். நான் எட்டுப் பேரையும் ஒரு பீரோவையும் ஏற்றியிருக்கிறேன். பீரோவுக்குள் அதன் சொந்தக்காரர் இருந்தார். எழுதுகிறவர்கள் எப்போதும் கொஞ்சம் கைவசம் வைத்துக்கொண்டுதான் எழுதுவார்கள் என்பது என் அனுபவம். ஒன்பதாவது வயரையும் முடுக்கினேன். இருநூற்றுப் பதினாறு. பச்சை விளக்கு அணையவில்லை. அதுவே போதும் என்று எழுந்துவிட்டேன்.

முப்பத்தோராம் நாள் ஆய்வாளர் லேப்டாப்பைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"இருபத்து நாலாம் நாள், நாலு மணி பத்து நிமிஷம். எட்டு விரிசலும் ஒரே நொடியில சுருங்கியிருக்கு. கட்டடமே ஒரு பக்கம் சாஞ்சாத்தான் இப்படி வரும்."

"சாயலை சார். ஒண்ணு கூட மாட்டினதுல வோல்ட் இறங்கிடுச்சு. வோல்ட் இறங்கினா சென்சார் எல்லாமே குறைச்சுத்தான் காட்டும்."

"நீங்க சொல்றது நிஜமாவே இருக்கலாம் பெரியவரே. ஆனா பதிவுல கட்டடம் அசைஞ்சிருக்கு. மறுபடி முப்பது நாள் அளக்கத் தேதி இல்லை."

வாழ்நாளெல்லாம் நான் அவிழ்த்துவிட்ட கதைகளை ஊர் நம்பியிருக்கிறது. அன்று சொன்ன ஒரே உண்மைக்குச் சாட்சி இல்லை. பதினொரு குடும்பங்கள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தன. இரண்டாம் மாடிக்காரர்கூடச் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

இரண்டு வாரத்தில் காலி செய்யச் சொல்லிக் கதவுகளில் தாள் ஒட்டினார்கள்.

கடைசி நாள் கீழே போனேன். அக்கா பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்து நின்றேன்.

"என் விரிசல் எவ்வளவுடா காட்டுச்சு?" என்றாள்.

வோல்ட் இறங்கிய பிறகே அதன் பதிவு தொடங்கியது. ஒன்பதில் குதிக்காத கோடு அது ஒன்றுதான்.

"அசையவே இல்லக்கா."

"அப்போ வீடு நல்லாத்தான் இருந்திருக்கு" என்று சொல்லி, அடுத்த பாத்திரத்தை எடுத்தாள்.