டெம்பெக் கொடுத்த வாக்கு

லோர்னா அப்பாவின் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தபோது கட்டிலருகே போன் அடித்தது. பாழாய்ப்போன போன்! காலை பதினொன்றே கால். உயிர் போய் இருபது நிமிடம்கூட ஆகவில்லை. டாக்டருக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. பன்னிரண்டு மணிக்குத் தலைநகரில் ஓட்டெடுப்பு.

எட்டு வருடத்துக்கு முன் கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கும் மசோதா முதன்முதலாக வந்தபோது, அதைக் குழுவிலேயே குழிதோண்டிப் புதைத்தவர் அவள் அப்பா, செனட்டர் எல்வுட் ப்ரூயிட்தான். மறு வருடம் அவருடைய இளைய மகள் ஈடித், பத்தொன்பது வயசு, ஒரு கார் பட்டறை மாடியில் திருட்டுத்தனமாகக் கருவைக் கலைக்கப் போய் ரத்தம் வடிந்து செத்தாள். அதற்குப் பிறகு மனிதர் அந்த மசோதாவைத் தானே தூக்கிக்கொண்டு ஒவ்வொரு உறுப்பினர் வாசலாக அலைந்தார்.

அவர் படுக்கையில் விழுந்ததும், எதிரணி கிளிஃப் டெம்பெக், முப்பது வருட நண்பர், சபை வழக்கப்படி அவருக்கு ஈடாகத் தானும் ஓட்டுப் போடாமல் ஒதுங்குவதாக வாக்குக் கொடுத்திருந்தார். இருவரும் ஒதுங்கினால் மசோதா ஒரே ஓட்டில் பிழைக்கும். ஆனால் நோயாளி உயிரோடு இருக்கும்வரைதான் அந்த வாக்கு.

"லோர்னா, எப்படிம்மா இருக்கான்?"

"தூங்குறாரு, கிளிஃப் மாமா."

"எங்காளுங்க என் உயிர வாங்குறாங்க. அவன் போயிட்டான்னு எவனோ கிளப்பி விட்டுட்டான். எனக்குப் பொய் சொல்ல வராது, கண்ணு. போன அவன் வாய்கிட்ட வையி. மூச்சு கேட்டா போதும்."

செத்தவரை வைத்துக்கொண்டு பொய்யா? ஆனால் சொல்லிவிட்டால் இன்னும் எத்தனை ஈடித்துகள்! அப்பாவின் தலையணையில் கன்னத்தைப் பதித்துப் படுத்தாள். ரிசீவரைத் தன் வாயருகே வைத்து, அவருக்குக் கடைசி வாரம் இருந்த கரகரப்பைத் தொண்டையில் வரவழைத்து, இழுத்து இழுத்து மூச்சு விட்டாள்.

மறுமுனையில் கதவை இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது.

"சரி." என்றார் டெம்பெக். "தூங்கட்டும். பாவி, ரொம்ப அலைஞ்சிட்டான்." பிறகு மெதுவாக, "ஒரு மணி வரைக்கும் யாரு கூப்பிட்டாலும் போன எடுக்காத, கண்ணு. யாரையும் உள்ள விடாத."

இணைப்பு அறுந்தது. முன்வாசலில் யாரோ பூட்ஸிலிருந்து பனியைத் தட்டும் சத்தம், பாதிரியாராக இருக்கும். கதவைத் தட்டினார். மறுபடி தட்டினார். லோர்னா எழவில்லை. அப்பாவின் பக்கத்தில், அதே கரகரப்போடு, இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.