ஒரே வளைக்காரர்கள்

ஆய்வகத்தில் அவளுக்கு 'எலியக்கா' என்று பெயர். நேரில் சொன்னால் முறைப்பாள். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். மூன்று நாளாக அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

புல்வெளி வழியாகப் புதுச் சாலை வருகிறது. அங்கிருந்த வயலெலிகளைப் பிடித்து ஆற்றுக்கு அக்கரையில் விடும் வேலை அவளுடையது. போன மாதம் நாற்பதை விட்டாள், ஆண் தனி, பெண் தனியாகப் பெட்டிகளில் அடைத்து. திசைக்கொன்றாக அலைந்து, வளை தோண்டாமலே எல்லாம் பருந்துக்கு இரையாயின.

"ஒரு வளையில பிடிச்சதை ஒரே பெட்டியில போடணும் சார். ஒண்ணு மேயும்போது இன்னொண்ணு காவல் பாக்குது. பிரிச்சுவிட்டா செத்துடுது."

"எலிக்கென்னம்மா சொந்தபந்தம்?" என்றார் இயக்குநர். "பெட்டிக்குள்ள கடிச்சுக்கிட்டா?"

"முன்னே பின்னே தெரியாததுதான் சார் கடிச்சுக்கும்."

"சரி, உன் பொறுப்பு. நாளை மறுநாள் புல்டோசர் வந்துடும்."

வீட்டில் தட்டில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். தையல்காரரான கணவர் அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, இன்னும் பிடிக்க வேண்டிய ஏழு வளைகளுக்காக, மிச்சத் துணியில் ஏழு நிறத்தில் இரண்டிரண்டு பட்டைகள் வெட்டிக் கொடுத்தார். "வளைக்கு ஒண்ணு, பெட்டிக்கு ஒண்ணு கட்டு. குழம்பாது. இப்பவாவது சாப்பிடு."

புல்டோசர் வந்த காலையில் ஆறு பெட்டிகள் தயார். ஏழாவது வளையில் இரண்டு தாய்கள். ஒன்றுதான் கூண்டில் விழுந்திருந்தது. இன்னொன்றுக்காக அவள் வளையைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"ஒரு மணி நேரம் கொடுங்கண்ணே."

"எலிக்காக வண்டிய நிறுத்தினேன்னு சொன்னா எம் பொண்டாட்டியே சிரிப்பா," என்றபடி ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார்.

ஒரு மணி நேரம் ஓடியது. அது வரவில்லை. அவளே மண்ணைத் தோண்டினாள். ஒரே கூட்டில் ஒன்பது குட்டிகள், ஐந்து பெரியவை, நான்கு கண் திறக்காதவை. எது யார் பெற்றதோ. கூட்டோடு அள்ளிப் பெட்டியில் வைத்தாள். உள்ளே இருந்த தாய் மோந்து பார்த்தது, பிறகு ஒன்பதையும் வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டது. கடைசிப் பட்டையைக் கட்டி, ஏழு பெட்டிகளையும் அக்கரைக்குக் கொண்டுபோய்த் திறந்துவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து, எத்தனை பிழைத்தன என்று பார்க்க அக்கரையில் கூண்டு வைத்தாள். ஏழில் மூன்று குடும்பங்கள் புது வளை தோண்டியிருந்தன. அதிலொன்று ஏழாவது வளைக் குடும்பம்; ஒன்பதில் ஆறு குட்டிகள் புல் கொறித்துக்கொண்டிருந்தன. மற்ற நான்கு குடும்பங்களின் தடயமே இல்லை.

"மூணு பிழைச்சுதே, இனிமே இப்படியே செய்வோம்," என்றார் இயக்குநர்.

"அந்த நாலு ஏன் பிழைக்கல சார்?" என்று கேட்டவள், பதிலுக்கு நிற்காமல் மறுபடி ஆற்றங்கரைக்குக் கிளம்பிவிட்டாள்.