டாக்டர் விழுங்கும் வார்த்தை

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் அகராதி. வீட்டில் கணவர் அதையே கொஞ்சம் நீட்டி, "அகராதி பிடிச்சவ" என்பார். இரண்டும் பொருந்தும் என்பது அவளுக்கே தெரியும்.

வேலை அப்படி. நரம்பு டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் சின்ன ரெக்கார்டரில் அறிக்கையைப் பேசிவிடுவார்கள். அந்தக் குரல் நகரத்தின் இன்னொரு மூலையில், மூன்றாவது மாடியில், ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அவள் காதுக்கு வரும். வலது காலடியில் ஒரு மிதி. முன்பாதத்தால் அழுத்தினால் குரல் ஓடும்; குதிகாலால் அழுத்தினால் பின்னால் போகும். கேட்டதைத் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். ஒரே ஒரு சட்டம்தான்: கேட்காததை ஊகித்து எழுதக் கூடாது. இடம் விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட வேண்டும். பதினோரு வருடங்களில் ஒரு முறைகூட அவள் ஊகித்ததில்லை. அதில் அவளுக்கு நிறையவே கர்வம் உண்டு.

இத்தனை வருடம் கேட்டுக் கேட்டு வார்த்தைகள் ஒட்டிக்கொண்டன. நடை தள்ளாடினால் அடாக்ஸியா, பேச்சு போனால் அஃபேசியா, நரம்பு பழுதானால் நியூரோபதி. மேல்வீட்டுக்காரர் சனிக்கிழமை சாயங்காலம் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டால், "பாவம், அடாக்ஸியா" என்பாள். "அது பாட்டில்" என்பார் கணவர். அவர் முடிதிருத்துபவர். கத்தரிக்கோலும் சீப்பும் தவிர வேறு கருவியை நம்பாதவர்.

டாக்டர்களில் ஒருவரைத்தான் அவளுக்கு மிகவும் பிடிக்கும். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் குரல் என்பதால் அலுவலகத்தில் அவர் பெயர் கட்டைக்குரல். முகத்தை யாரும் பார்த்ததில்லை. ஆனால் குரலின் குணம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். கெட்ட சேதி வரும்போது அந்த வார்த்தைக்கு முன்னால் நிறுத்துவார். இரண்டு மூச்சு நேரம் ஒரு சத்தமும் இருக்காது. புதிதாகச் சேர்ந்தவர்கள் மிஷின் கெட்டுவிட்டது என்று மிதியை உதைப்பார்கள். நல்ல சேதி என்றால் நேர்மாறு. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரி வேகம் எடுத்து, கடைசி வார்த்தையை அப்படியே விழுங்கிவிடுவார். அவருக்காக அவள் விட்ட இடங்களைச் சேர்த்தால் ஒரு புத்தகம் போடலாம்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை, கணவர் இடது கையால் டீ குடித்தார்.

"என்னங்க, புதுப் பழக்கம்?"

"சும்மாதான்."

"வலது கைய நீட்டுங்க."

நீட்டினார். மணிக்கட்டு தொங்கியது. உள்ளங்கை தரையைப் பார்த்தபடி இருந்தது. தூக்கச் சொன்னால் முழங்கைதான் மேலே வந்தது, கை வரவில்லை. நேற்றுக் காலை கடையில் கத்தரிக்கோல் மூன்று தடவை கீழே விழுந்ததையும் அப்போதுதான் சொன்னார். எப்போதிருந்து என்று கேட்டாள். "நேத்துல இருந்துதான். மரத்துப் போயிருக்கும். சரியாயிடும், விடு" என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பித்தானை இடது கையால் போடப் போராடினார்.

போன மாதம் தட்டிய ஓர் அறிக்கை, எழுத்துக்கு எழுத்து அவள் கண் முன்னால் வந்து நின்றது. 'வயது நாற்பத்தொன்பது. முதல் அறிகுறி, வலது கையிலிருந்து பொருள்கள் நழுவுதல்.' அதற்குப் பிறகு இரண்டு மூச்சு அமைதி. அதற்குப் பிறகு, மோட்டார் நியூரான் நோய். தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக அணைந்துபோகும் நோய். முதலில் கை, பிறகு கால், பிறகு நாக்கு, பிறகு மூச்சு. கணவருக்கு வயது நாற்பத்தொன்பது.

அவளிடம் வந்து சேர்வதெல்லாம் பெரிய டாக்டர்களின் பெரிய நோய்கள். சாதாரணமாகக் கை மரத்தவன் எவனும் அவள் ஹெட்ஃபோனுக்கு வந்ததில்லை. அதனால் உலகத்தில் கை தொங்கினால் அதற்கு ஒரே பெயர்தான் என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள். மேசையில் ஒரு சொல்லைக்கூட ஊகிக்காதவள், வீட்டில் முழு அறிக்கையையும் ஊகித்து எழுதிவிட்டாள்.

அடுத்த மூன்று நாள் அவளுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. கணவர் சாப்பாட்டைக் குறைத்தால் எடை குறைகிறது என்று நினைத்தாள். இமை துடித்தால் தசை துடிக்கிறது என்று நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமைதான் மகளைத் தூரத்துக் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அவர் சோற்றைக் குறைத்ததற்கு அது போதாதா என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. மகள் போனில், "அப்பா ஏம்மா பேச மாட்டேங்கிறாரு?" என்று கேட்டபோது, "கடையில கூட்டம்டி" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அந்த நோயின் பெயரைக் கணவரிடம் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தால் அது இல்லாமல் போய்விடும் என்று நம்பியதுபோல் இருந்தது அது.

வெள்ளிக்கிழமைக்குக் கட்டைக்குரலிடம் நேரம் வாங்கி, கணவரைக் கூட்டிப் போனாள். தான் யார் என்று சொல்லவில்லை.

கதவைத் திறந்தால் ஒல்லியாக, குள்ளமாக, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி ஒருவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். "வாங்க, உக்காருங்க" என்றதும்தான் சந்தேகம் தீர்ந்தது. அத்தனை பெரிய குரலை அந்த உடம்பில் எங்கே வைத்திருந்தார் என்று வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

டாக்டர் மணிக்கட்டைத் தூக்கச் சொன்னார். வரவில்லை. விரல்களை நீட்டச் சொன்னார். வரவில்லை. முழங்கையை மடக்கிப் பிடித்துக்கொண்டு, "என்னைத் தள்ளுங்க" என்றார். கணவர் தள்ளிய வேகத்தில் டாக்டரின் நாற்காலி பின்னால் உருண்டது. சின்னச் சுத்தியால் முட்டிகளைத் தட்டினார். நாக்கை நீட்டச் சொல்லி வெளிச்சம் அடித்துப் பார்த்தார். நாக்கை எதற்குப் பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரியும். முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கடைசியாகக் கட்டைவிரலுக்குப் பக்கத்தில், புறங்கையில், பஞ்சால் தொட்டார்.

"தெரியுதா?"

"இல்லைங்க டாக்டர். அங்க மட்டும் தெரியல."

உணர்ச்சியும் போய்விட்டதா என்று அவளுக்கு உயிரே போயிற்று. டாக்டரோ என்னவோ தொலைத்த பேனா கிடைத்ததுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எப்ப ஆரம்பிச்சது?"

"திங்கக்கிழமை காலைல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி இந்தக் கைய எதுமேலயாவது போட்டு ரொம்ப நேரம் அசையாம இருந்தீங்களா? நாற்காலி முதுகு மாதிரி?"

கணவர் சுவரைப் பார்த்தார். சுத்தியைப் பார்த்தார். அவளை மட்டும் பார்க்கவில்லை.

"பஸ்ல" என்றார் மெதுவாக. "ஞாயித்துக்கிழமை மத்தியானம். பொண்ண ஹாஸ்டல்ல விட்டுட்டு வந்தோம். இவ அழுதுட்டே வந்தா. சீட்டுக் கம்பிமேல கையப் போட்டு அணைச்சுக்கிட்டேன். அப்படியே என் கைமேல தலைய வச்சுத் தூங்கிட்டா."

"எவ்வளவு நேரம்?"

"நாலு மணி நேரம் இருக்கும்."

"கை வலிக்கலையா?"

"வலிச்சுது. அப்புறம் மரத்துடுச்சு. ரெண்டு நாளாத் தூங்காதவ, எழுப்ப மனசு வரல. எறங்கும்போதே கை தொங்கிடுச்சு. சொன்னா, தன்னாலதான்னு இவ உருகிடுவா. அதான் திங்கக்கிழமைன்னு சொன்னேன்."

அவளுக்குக் கோபம் வந்தது, சிரிப்பு வந்தது, அழுகை வந்தது; எதை முதலில் விடுவது என்றுதான் புரியவில்லை. மூன்று நாளாக அவள் ஒன்றை மறைக்க, அவர் ஒன்றை மறைக்க, நடுவில் ஒரு கை தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

டாக்டர் ரெக்கார்டரை எடுத்தார். நோயாளி எதிரிலேயே பேசிவிடுவது அவர் வழக்கம் போலும். மேசைக்கு அடியில் அவளுடைய வலது கால், கேட்காமலே தரையை மிதித்தது.

"நோயாளி, முடிதிருத்துபவர், வயது நாற்பத்தொன்பது" என்று தொடங்கியது அந்தக் குரல். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த அமைதிக்காகக் காத்திருந்தாள். வயது தாண்டியது. அறிகுறி தாண்டியது. எங்கேயும் நிற்கவில்லை. குரல் வேகமெடுத்தது. "வலது ரேடியல் நரம்பு மேற்கையில் அழுந்தியதால் வந்த தற்காலிக வாதம், உணர்ச்சிக் குறைவு அந்த நரம்பின் எல்லைக்குள் மட்டும், மற்ற நரம்புகள் சீர், மூளை தண்டுவட நோய்க்கான அடையாளம் எதுவும் இல்லை, மணிக்கட்டுக்குப் பட்டை, பயிற்சி, ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் முழுமையாகக்..."

வழக்கம்போல விழுங்கிவிட்டார்.

போன உயிர் அந்த வேகத்திலேயே திரும்பி வந்தது அவளுக்கு. அவர் விழுங்கியது என்ன வார்த்தை என்று பதினோரு வருட அனுபவத்தில் நன்றாகவே தெரியும். ஆனாலும் இனிமேல் ஊகிப்பதில்லை என்று அந்த நொடியில் முடிவு செய்திருந்தாள்.

"டாக்டர், கடைசி வார்த்தை கேக்கல" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எப்பவுமே அதை முழுங்கிடுறீங்க. பதினோரு வருஷமா இடம் விட்டுட்டு இருக்கேன். இன்னைக்கு மட்டும் நல்லாச் சொல்லிடுங்க."

டாக்டர் வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்தார். பிறகு அவருக்குப் புரிந்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ரெக்கார்டரை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் நேராக, தலையைக் கம்பம்போல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "பரவால்ல, இந்தப் பக்கம் இன்னொரு கை இருக்கு" என்றார் கணவர். இடம் மாறி உட்கார்ந்தார்கள்.

திங்கட்கிழமை அந்தக் கோப்பு அவளுடைய மேசைக்கே வந்தது. 'காரணம்: பேருந்து இருக்கைக் கம்பிக்கும் மனைவியின் தலைக்கும் இடையே மேற்கை நான்கு மணி நேரம் அழுந்தியது' என்று தன் தலையைத் தானே தட்டச்சு செய்தாள். கடைசியில் அவளுடைய அழுகைக் குரலும் பதிவாகியிருந்தது. அதற்குப் பின்னால், ஒவ்வோர் எழுத்தாக, கிணற்றுக்குள்ளிருந்து வந்தது: "முழுமையாகக் குணமாகும்."

குதிகாலை அழுத்தினாள். மறுபடி கேட்டாள். மறுபடி அழுத்தினாள்.

பக்கத்து மேசைத் தோழி ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தாள். "என்ன அகராதி, ஏழாவது தடவை போட்டுட்டு இருக்கே. கேக்கலைன்னா இடம் விட்டுட்டுப் போக வேண்டியதுதானே?"

"கேக்குது" என்றாள். "நல்லாவே கேக்குது."

எட்டாவது தடவையாகக் குதிகாலை அழுத்தினாள்.