கழுத்துவரை புதைந்தவை

காலையில் டிசா ஆற்றின் பழைய மடுவோரம் இன்னொரு வாத்து செத்துக் கிடந்தது. தூக்கினால் கனமே இல்லை.

சமையலறை மேசையில் செய்தித்தாளை விரித்து, வாத்தை அதன்மேல் வைத்து அறுத்தேன். மாமியார் டெர்கா எதிரே நின்றார்.

"கல்யாணமாகி வந்ததுலேர்ந்து குழம்புக்கு ஒரு வாத்து அறுத்துக் கொடுத்ததில்ல. செத்ததுன்னா மட்டும் கத்தியத் தூக்கிடறா."

குடலின் வெளிப்புறத்திலேயே மஞ்சள் புடைப்புகள் தெரிந்தன. கீறித் திறந்தேன். வெள்ளைப் புழுக்கள் தொங்கின. ஒன்றை இடுக்கியால் இழுத்தேன். குடலும் சேர்ந்து எழுந்தது.

"தலை எங்கடி?"

"சுவருக்குள்ள, அத்தை. முள்ளு வச்ச தலை. உள்ள போய் உருண்டையா ஊதிக்கும். அப்புறம் இழுத்தாலும் வராது."

"கடிச்சுத் திங்குதா?"

"வாயே கிடையாது. வாத்து தின்னு செரிச்சத, தோலாலயே உறிஞ்சிடும்."

டெர்கா சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். "மருந்து?"

"நம்பிக் கொடுக்கற மாதிரி இல்ல."

மடுவில் நீந்தும் பெரிய வாத்துகள் போனாலும் போகட்டும். கொட்டகையில் ஜூலையில் பொரித்த குஞ்சுகள் இருந்தன. குளிர்காலத்துக்கு எங்களுக்கு அவைதான் கதி. மடுவையே பார்க்காதவை.

"குஞ்சுங்க தப்பிச்சுடும், அத்தை. மடுப் பூச்சியத் தின்னாத்தான் இது வரும். அழுகின இலைக்கடியில சாம்பல் நிறத்துல, நிறைய காலோட ஊருமே, அது."

டெர்கா ஈரமில்லாத கைகளை இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் துடைத்தார்.

"என்ன அத்தை?"

"நோஞ்சானா இருந்துச்சுங்க..."

"அதனால?"

"அந்தப் பூச்சியத்தான் சல்லடையில அள்ளிட்டு வந்து போட்டேன். தெனமும். எங்க ஊர்ல எல்லாரும் போடறதுதான். அடிச்சுக்கிட்டுத் தின்னுச்சுங்க, எமோகே. தேறுதேன்னு சந்தோஷப்பட்டேன்."

"எப்பலேர்ந்து?"

"நீ அம்மா வீட்டுக்குப் போனியே, அப்பலேர்ந்து."

அது போன மாதம். கொட்டகைக்கு ஓடினேன். வாசலில் சல்லடை கிடந்தது. கம்பியில் இன்றைய பூச்சிகள் சில இன்னும் நெளிந்துகொண்டிருந்தன.

கதவைத் திறந்ததும் குஞ்சுகள் கூச்சலோடு என் காலைச் சூழ்ந்தன. தீனி என்று நினைத்துவிட்டன. மூலையில் ஒன்று மட்டும் வரவில்லை. கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, கண் பாதி மூடி நின்றது.

டெர்கா மூச்சு வாங்க வந்து வாசலைப் பிடித்துக்கொண்டார்.

"தூக்கமா இருக்கும். குஞ்சுன்னா தூங்கும்ல? சொல்லுடி. தூக்கந்தானே?"

குனிந்து அதை எடுத்தேன். காலைக்கூட உதறவில்லை.