ஒரு நாள் கூட்டி

மனைவி கூப்பிட்டபோது அவர் பாதி வழியில் இருந்தார். விமானம் மாறும் ஊர். நீளமான கூடம், வரிசையாக இரும்பு நாற்காலிகள். யாரும் நீட்டிப் படுத்துவிடக் கூடாதென்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு கைப்பிடி வைத்திருந்தார்கள்.

"கதவு சும்மாதான் சாத்தியிருக்கு" என்றாள். "பெல் அடிச்சுட்டு ஒளிய வேண்டாம். நேரா உள்ள வாங்க."

"எந்தக் கதவு?"

"நம்ம வீட்டுக் கதவுதான். வேற எத்தனை வீடு வெச்சிருக்கீங்க?"

"நான் இன்னும் அடுத்த பிளேனே ஏறலை. நாளைக்குக் காலைலதான் இறங்குவேன். புதன்கிழமைன்னு சொன்னேனே."

மறுமுனையில் தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"புதன்னு சொன்னீங்க" என்றாள். "அதனாலதான் செவ்வாய்னு நெனச்சோம்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவருடைய வேலை பாட்டிலுக்கு மூடி போடும் இயந்திரத்தை வெளிநாட்டுத் தொழிற்சாலைகளில் நிறுவிக் கொடுப்பது. பொருத்தி, ஓட்டிக் காட்ட வேண்டும். ஒரு முறைகூட நிற்காமல் ஆறு மணி நேரம் ஓடினால் தொழிற்சாலை மேலாளர் கையெழுத்துப் போடுவார். அதன் பிறகுதான் ஊர் திரும்பலாம். இயந்திரம் பெரும்பாலும் ஐந்தாவது மணி நேரத்தில் நிற்கும். மறுபடி முதலிலிருந்து ஆறு மணி நேரம். திரும்பும் நாள் தள்ளிப் போகும்.

மகளுக்கு நான்கு வயதானபோது வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லி ஞாயிற்றுக்கிழமை வந்தார். இரண்டு நாளும் அவள் செருப்பைக் கழற்றாமல் ஜன்னலில் நின்றிருந்தாள். அவர் வந்தபோது காய்ச்சலில் படுத்திருந்தாள். அதிலிருந்து ஒரு நாள் கூட்டிச் சொல்வதென்று வைத்துக்கொண்டார். தள்ளிப் போனால் சொன்ன நாளுக்குச் சரியாக இருக்கும். தள்ளிப் போகாவிட்டால் ஒரு நாள் முன்னதாக வந்து நிற்கலாம். பெல் அடித்துவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொள்வார். மனைவி திறந்து, "யாரையும் காணோமே" என்பாள். மகள் ஓடி வந்து, "நாளைக்குன்னுல்ல சொன்னீங்க" என்று தாவுவாள். இருபத்திரண்டு வயதிலும் அதைச் சொன்னாள். தாவுவதை மட்டும் விட்டிருந்தாள்.

இந்தக் கூட்டல் தனக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்று அவர் நினைத்திருந்தார்.

"உங்க ரெண்டு பேருக்கும் தெரியுமா?" என்றார் இப்போது.

"எது?"

"நான் ஒரு நாள் கூட்டிச் சொல்றது."

"ஏங்க, பதினெட்டு வருஷம். எனக்கு அந்தக் கழித்தல்கூட வராதா? நீங்க திடீர்னு வந்து நிக்கிற அன்னிக்கெல்லாம் மூணு பேருக்குச் சமைச்சிருக்குமே. எப்படின்னு ஒரு நாளாவது யோசிச்சீங்களா?"

யோசித்ததில்லை. பசியோடு வருவார், சாப்பிடுவார்.

"ஏன் சொல்லலை?"

"சொன்னா ஒளிய மாட்டீங்க."

மகளுக்கு வேறொரு நாட்டில் வேலை கிடைத்திருந்தது. முதல் விடுமுறையே இரண்டு வருடம் கழித்துத்தான். போன வாரம் அவர் தொழிற்சாலையில் இருக்கும்போது கூப்பிட்டாள். பின்னால் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, இருவரும் கத்திப் பேசினார்கள். "எப்பப்பா வர்றீங்க? நீங்க வந்த மறுநாள் கிளம்பறேன். ஒரு நாளாவது சேர்ந்து இருக்கலாம். ஆபீஸ்ல டிக்கெட் போட தேதி கேக்கறாங்க." டிக்கெட் விஷயத்தில் விளையாடக் கூடாது என்று அவருக்குத் தோன்றியது. மேலாளர் அன்று காலையே கையெழுத்துப் போட்டிருந்தார். மிச்சமிருந்தது ஆட்களுக்குப் பழக்கிக் கொடுக்கும் வேலைதான். தேதி மாறாது. பதினெட்டு வருடத்தில் முதல் முறையாக உள்ளதைச் சொன்னார்: "புதன்."

அவள் வழக்கம்போல ஒன்றைக் கழித்துக்கொண்டாள். செவ்வாய் அப்பா வருவார், புதன் கிளம்பலாம். இரண்டு நாள் கழித்து 'டிக்கெட் வந்தாச்சுப்பா' என்று செய்தி அனுப்பினாள். அவர் கட்டைவிரலை அனுப்பினார். தேதி கேட்கவில்லை. வியாழக்கிழமை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

"அவகிட்டக் குடு" என்றார்.

மகள் வந்தாள். "அப்பா, எங்க இருக்கீங்க? மாடிப்படியிலயா? செருப்புச் சத்தம் கேக்குது."

"இது ஏர்போர்ட் சத்தம், சுண்டு."

"விளையாடாதீங்கப்பா."

"விளையாடலை."

காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "என்னோடது நாளைக்குக் காலைல பத்தேகால்" என்றாள்.

"என்னோடது ஒம்பது நாப்பதுக்கு இறங்குது. மாத்த முடியாதா?"

"வியாழன் காலைல ஒம்பது மணிக்கு அங்க கையெழுத்துப் போடணும். எட்டுப் பேர் ஒண்ணாப் போறோம். கேட்டுப் பார்க்கறேன், ஆனா மாட்டாங்க." சட்டென்று சிரித்தாள். "ஏம்பா, பதினெட்டு வருஷமா பொய் சொல்லிட்டு, இந்தத் தடவைதானா உங்களுக்கு உண்மை பேசத் தோணுச்சு?"

அவரும் சிரித்தார். அவள் சிரிப்பு நின்றுவிட்டதைச் சற்றுத் தாமதமாகத்தான் கவனித்தார்.

"ரெண்டு பேரும் ஒரே ஏர்போர்ட்லதான இருப்போம்" என்றாள். "நாங்க உக்கார்ற இடத்துக்கு மேலதான் வர்றவங்க நடந்து போற வழி. நடுவுல கண்ணாடி. அங்க நின்னா தெரியும்."

"தெரியும்" என்றார்.

விமான நிறுவனத்தின் மேசையில் ஒரு பெண் இருந்தாள். முன்னதாகப் போகும் விமானம் உண்டா என்று கேட்டார்.

"அரை மணி நேரத்துல ஒண்ணு இருக்கு சார். ஃபுல் ஆயிடுச்சு. வெயிட்டிங்ல போட்டா நீங்க பதினோராவது ஆள்."

"டிக்கெட் இருந்தும் வராம இருக்கறவங்க உண்டா?"

"சில நாள் உண்டு."

"இன்னைக்கு?"

திரையைப் பார்த்தாள். அவருக்காக ஒரு முறை கூடுதலாகவே பார்த்தாள். "எல்லாரும் வந்துட்டாங்க சார். அவசரமா? உடம்பு சரியில்லாதவங்க யாராவது...?"

"இல்ல. எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க."

அதைச் சொன்ன பிறகு தன் பக்கம் நியாயம் குறைந்துவிட்டது போலிருந்தது. அந்தப் பெண் அவருடைய சீட்டை வாங்கி முன் வரிசைக்கு மாற்றிக் கொடுத்தாள். "கதவு திறந்ததும் முதல் ஆளா நீங்க இறங்கலாம்."

முன் வரிசையில் கால் நீட்ட இடம் இருந்தது. பக்கத்துச் சீட்டுக்காரர் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு தூங்கினார். மகளிடம் என்ன சொல்வதென்று அவர் யோசித்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து, போனில், ஐந்து நிமிடம். பாஸ்போர்ட்டை உள் பையில் வை. தண்ணீரைக் காய்ச்சிக் குடி. ராத்திரியில் தனியாக வராதே. யோசித்ததெல்லாம் இதே மாதிரிதான் வந்தது. தொழிற்சாலையில் இயந்திரத்தை ஒப்படைக்கும்போது மாட்டிவிட்டு வரும் எச்சரிக்கைப் பலகை போல. வேறு ஏதாவது இருக்கும் என்று கண்ணை மூடித் தேடினார். அவளுக்கு ஆறு வயதில் எந்தப் பல் முதலில் ஆடியது, யார் பிடுங்கினார்கள், அழுதாளா என்று ஒன்றும் தெரியவில்லை. அந்த வருடம் நாலு இயந்திரம் நிறுவினார். நாலின் வரிசை எண்ணும் ஞாபகம் இருந்தது.

ஒன்பது முப்பத்தெட்டுக்கு விமானம் இறங்கியது. கட்டடத்தோடு போய் ஒட்டவில்லை. தள்ளி, வெட்ட வெளியில் நின்றது. அவர்தான் முதலில் இறங்கினார். கீழே மஞ்சள் பஸ் நின்றிருந்தது. முதலில் ஏறினார். மற்றவர்கள் ஏற ஏறப் பின்னுக்குப் போனார். பஸ் நிரம்பினால்தான் கிளம்பும் என்று அப்போதுதான் உறைத்தது. ஒருவர் படியில் நின்று தலைக்கு மேலே பையைத் தூக்கிப் பிடித்தபடி இன்னொருவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேர் மேல் விழுந்துவிடாமலிருக்க அவர் கம்பியிலிருந்த வாரைப் பிடித்துக்கொண்டார்.

பஸ் கிளம்பியபோது பத்துக்கு ஆறு நிமிடம் இருந்தது. போன் அடித்தது.

"அப்பா, இறங்கிட்டீங்களா? எங்களை பஸ்ல ஏத்திட்டாங்க."

"என்ன பஸ்? கேட்ல இருப்பேன்னியே."

"கேட்லருந்து கீழ இறக்கி பஸ்ல ஏத்திட்டாங்கப்பா. பிளேன் தள்ளி நிக்குதாம். இப்பப் போயிட்டிருக்கு."

"நானும் பஸ்லதான் இருக்கேன்."

"எந்த பஸ்?"

"மஞ்சள்."

"எல்லாம் மஞ்சள்தான்." மூச்சு வாங்கினாள். "எதிர்ல ஒண்ணு வருது. அதுவா?"

முன்னால் நின்றவர்களின் தோள்களுக்கு நடுவே அவர் பார்த்தார். வெயிலில் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது.

"அதுதான்" என்றார்.

"கையைத் தூக்குங்கப்பா. நானும் தூக்கறேன்."

தூக்கினார். அவர் பஸ்ஸில் எல்லோருடைய கையும் தூக்கித்தான் இருந்தது, வாரைப் பிடித்தபடி. எதிர் பஸ்ஸும் அப்படியே. கண்ணாடி முழுக்கக் கைகள். நடுவில் வெயில் பட்டு ஒரு பட்டை வெள்ளையாக மறைத்தது. சட்டைகள், பைகள், ஒரு குழந்தையின் பின்னந்தலை. பஸ் கடந்துவிட்டது.

போனில் இரைச்சல் மட்டும் இருந்தது.

"பார்த்துட்டேன்பா" என்றாள். "நீங்க?"

"பார்த்தேன்."

"எளைச்சிருக்கீங்க."

"இல்லியே. அதே எடைதான்."

"சரிப்பா. இறங்கச் சொல்றாங்க."

"பாஸ்போர்ட்டை உள் பையில வை."

"வெச்சுட்டேன்பா" என்றாள். போனையும் வைத்துவிட்டாள்.

பெட்டி வரத் தாமதமாயிற்று. வெளியே மனைவி தடுப்புக் கம்பியின் ஓரத்தில் நின்றிருந்தாள். ஏழு மணிக்கு மகளைக் கொண்டுவந்து விட்டவள், அங்கேயே இருந்துவிட்டாள். முகம் கழுவியிருந்தாள், காதோரம் ஈரம் தெரிந்தது.

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"கண்ணாடி போட்டிருந்தாளா?"

அவர் பெட்டியின் பிடியைச் சரிசெய்தார். "போட்டிருந்தா."

"உள்ள போகும்போது கழட்டிப் பையில போட்டா. அழுது அழுது அது முழுக்க நனைஞ்சு போச்சு. அது இல்லைன்னா அவளுக்கு எதிர்ல நிக்கற ஆளே தெரியாது."

"பஸ்ல ஏறும்போது போட்டிருப்பா."

மனைவி அவரையே பார்த்தாள்.

"போட்டிருப்பா" என்றாள்.

பெட்டியின் பக்கவாட்டுப் பிடியை அவள் பிடித்துக்கொண்டாள். சக்கரம் இருக்கிறது, தேவையில்லை என்று அவர் சொல்லவில்லை. வண்டிகள் நிற்கும் இடத்துக்கு வந்தார்கள்.

"எங்க விட்டே?"

"நாலாவது வரிசைன்னு நெனைக்கறேன். இல்ல அஞ்சா. அவ பேசிட்டே வந்தா, நான் பார்க்கலை."

நாலாவது வரிசையில் இல்லை. ஐந்தாவதின் பாதியில், கட்டடத்துக்குப் பின்னாலிருந்து ஒரு விமானம் எழுந்து தலைக்கு மேல் போனது.

"அவளோடதா?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் தொழிற்சாலை இருந்த நாட்டு நேரத்திலேயே இருந்தது. "தெரியலை" என்றார்.

சத்தம் அடங்கும்வரை நின்றார்கள். பிறகு ஆறாவது வரிசைக்குப் போனார்கள்.